பொலி சொல்லும் குரல்

பாப்பா, இதை உன் சாப்பாட்டுப் பைக்குள் வைக்கிறேன். நாளைக்குக் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்குப் போவதற்கு முன் எப்படியும் அந்தப் பையைத் திறந்து பார்ப்பாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மாவுக்கு எதற்கு இந்தக் கடிதக் கிறுக்கு என்று நினைப்பாய். நன்றாக நினைத்துக்கொள். சுப்பவைசர் வேலை கிடைத்த அன்றைக்கு நீ போட்ட சட்டம்தானே இது? "வேலைப் பேச்சு வாசலோட நிக்கணும்மா. வீட்டுல நீங்க எனக்கு அம்மா, மலையில நான் உங்களுக்கு மிஸ்." நல்ல சட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மலையில் உன்னோடு இரண்டு வார்த்தை பேசினால் மிஸ்ஸோட அம்மா காதைக் கடிக்கிறாள் என்கிறார்கள். வீட்டில் வாயைத் திறந்தால் நீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறாய். பிறகு நான் எங்கே போய்ப் பேசுவது, குருவிட்ட பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டா?

நீயும் அப்பாவும் உனக்குச் சப்பாத்து வாங்க இரத்தினபுரிக்குப் போயிருக்கிறீர்கள். சோறு வடித்தாயிற்று, பருப்பு இறக்கியாயிற்று. உன் பழைய பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதாமல் விட்ட தாள்களைக் கிழித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். சிரிக்காதே. நீ நர்சரிக்குப் போன காலத்தில் உனக்கு 'அ' எழுதக் காட்டிக் கொடுத்த கை இதுதான்.

நேற்று நீ உன் சிநேகிதியோடு போனில் பேசியது என் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய நம் லயத்தில் ஒருத்தர் தும்மினால் மூன்றாவது காம்பராவிலிருந்து நூறாயுசு என்று சத்தம் வரும், உனக்குத் தெரியாததா? திங்கட்கிழமை தோட்டத்துத் துரை பெரட்டுக்கு வருகிறார், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கீழ் டிவிசனுக்கு ஓர் ஆள் கேட்டிருக்கிறார், பார்வதியின் பேரைச் சொல்லப்போகிறேன் என்றாய். "அந்தப் பொம்பள இருக்கிற வரைக்கும் எந்தக் கூட்டமும் எனக்குக் கட்டுப்படாதுடி" என்றாய். பக்கத்துக் காம்பராவில் நீ பிறந்ததிலிருந்து உனக்குப் பெரியம்மாவாக இருந்தவள், நீ இந்த வேலைக்கு வந்து சில மாதத்துக்குள் 'அந்தப் பொம்பள' ஆகிவிட்டாள். கையில் இருந்த தேங்காய்ப் பாதியைத் துருவாமலே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உன் மேல் தப்பு என்று சொல்ல வரவில்லை. நீ படுகிற பாட்டை என் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீ ஒன்று சொன்னால் பெண்டுகள் எல்லாம் முதலில் பார்வதி அக்காவின் முகத்தைப் பார்க்கிறார்கள், அவள் தலையாட்டினால்தான் கால் நகர்கிறது. நல்லதனமாக நீ எதைச் சொன்னாலும் "சரிங்க மிஸ்ஸு, உத்தரவுங்க மிஸ்ஸு" என்று அவள் இழுக்கிற இழுப்பில் எனக்கே கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று வரும். கொழுந்தும் முந்திய மாதிரி நிறுவையில் நிற்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை நீ நாய்க்குப் போடுவதை நான் கவனிக்காமல் இல்லை. வயிற்றில் சுமந்து பெற்ற பிள்ளை இப்படி மெலிவதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய் சும்மா இருப்பாள்? சும்மா இருந்திருக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

உனக்கு முன் கூட்டத்தைப் பார்த்த கங்காணி ஐயா வேலையிலிருந்து போனதும் அந்த வேலை தனக்குத்தான் வரும் என்று பார்வதி அக்கா எதிர்பார்த்தாள், அது கிடைக்காத எரிச்சல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீயும் அப்படித்தான் நினைக்கிறாய். அந்த ஆசை அவளுக்கு இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஓ.எல். பரீட்சை பாஸ் வேண்டும், கோர்ஸ் முடித்திருக்க வேண்டும் என்று ஒபீஸில் சொன்ன அன்றைக்கே அவள் அதை விட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "வெளியாள் எவனோ வந்து நம்மள அதட்டுறதுக்கு நம்ம புள்ள வந்தா நல்லதுதானேடி." உனக்கு இந்த வேலை கிடைத்த செய்தி வந்தபோது லயத்தில் முதலில் சீனி கொண்டுவந்து உன் வாயில் போட்டவள் அவள்தான். அவள் மனம் கசந்தது அதற்குப் பிறகு. எந்த இடத்தில் கசந்தது என்று எனக்குத் தெரியும். கூட்டத்தில் அதை நேருக்கு நேர் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

பொலி சொல்வது கங்காணியின் வேலை. தேயிலை வரிசைக்கு ஒருத்தியாக நிரை பிடித்து நின்றதும் அவர் குரல் கொடுத்துச் சாமியைக் கூப்பிட வேண்டும், கூடை நிறைய வேண்டும், ஏறிப்போன கால் கை சுகத்தோடு எல்லோரும் இறங்க வேண்டும் என்று. அதற்குப் பிறகுதான் முதல் கொழுந்தைக் கிள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கூடையில் போடுவோம். இது உனக்கும் தெரியும். உனக்குத் தெரியாதது நம் கங்காணி ஐயாவின் வெற்றிலைப் பழக்கம். அந்த மனுசன் கண் விழிக்கும்போதே வாயில் வெற்றிலையோடு விழிப்பார் போல. எச்சில் வாயோடு பொலி சொல்லக் கூடாது. துப்பவும் மனசு வராது. ஒரு நாள் பார்வதி அக்கா பக்கம் நாடியை ஆட்டி, நீ சொல்லு என்று காட்டினார். அவள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, வாயைக் கொப்பளித்துவிட்டு, குரல் எடுத்தாள் பார், மேல் மலையில் மருந்தடித்துக்கொண்டு நின்ற ஆம்பளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றையிலிருந்து அவள்தான். யாரும் அவளை நியமிக்கவில்லை, அதற்கென்று ஒரு சதம் கூட்டிக் கொடுக்கவும் இல்லை. நீ ஊரில் இல்லாமல் போர்டிங்கில் தங்கிப் படித்த வருசங்கள் எல்லாம் இந்த மலையில் பொழுது விடிந்தது அவள் குரலில்தான்.

நீ சின்னவளாக இருந்தபோது அவளிடம்தான் அதைப் படித்தாய், மறந்துபோயிருப்பாய். பள்ளிக்கூட லீவில் எனக்குத் தேத்தண்ணி கொண்டு மலைக்கு வருவாய். வீட்டுக்குப் போனதும் அரிசி புடைக்கிற சுளகை முதுகில் கட்டிக்கொண்டு, வாங்கு மேல் ஏறி நின்று, "பொலி... பொலியோ... பொலி!" என்று கத்துவாய். கடைசிச் சொல்லை அவள் மேலே தூக்கி ஒரு வெட்டு வெட்டி நிறுத்துவாளே, அதே மாதிரி நீயும் வெட்டுவாய். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பார்வதி அக்கா, "அடியே சின்னக் கங்காணி, இன்னிக்கு எத்தன கிலோடி?" என்று கேட்பாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கேள்வியை அவள் ஒரு நாளும் விட்டதில்லை.

இப்போது உன் முதல் நாளுக்கு வருகிறேன். புதுத் தொப்பி, புதுக் குடை, பயத்தில் நெற்றி எல்லாம் வேர்வை. பெரட்டு முடிந்து மலை ஏறி, நிரை பிடித்து நின்றோம். நீ அந்த மேட்டுக் கல்லில் ஏறி நின்று குரல் கொடுத்தாய். ஐயோ பாப்பா, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. என் வயிற்றில் பிறந்தது மலை உச்சியில் நின்று பொலி சொல்கிறது! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து, கீழ்க் கிராமத்திலிருந்து நம்மோடு கொழுந்தெடுக்க வருகிற குசுமா என் பக்கத்தில் நிமிர்ந்து பார்த்து, "ஐயோ, நம்ம மிஸ்ஸா அது? நான் பார்வதி அக்கேன்னு நெனச்சேனே!" என்றாள். அதே இழுப்பு, அதே வெட்டு. அப்போதுதான் நான் பார்வதி அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வழக்கம்போல வாய் கொப்பளிக்கத் தண்ணீரை வாயில் எடுத்திருந்தாள். அவள் குரலே மேட்டிலிருந்து வருகிறது, வேறொரு வாயிலிருந்து. கன்னம் உப்பியபடி உன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தத் தண்ணீரைத் துப்பாமல் விழுங்கிவிட்டு, குனிந்து கொழுந்தெடுக்க ஆரம்பித்தாள்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. கங்காணி சொல்ல வேண்டியது, இப்போது அந்த இடத்தில் நான் இருக்கிறேன், நானே சொன்னேன் என்பாய். முறைப்படி நீ சொன்னது சரி. உனக்குத் தெரிந்திருக்க நியாயமும் இல்லை. தெரிந்தவள் நான். அன்று சாயங்காலமே, பாப்பா இது இப்படி, நாளைக்கு அக்காவைச் சொல்லச் சொல் என்று காதில் போட்டிருக்கலாம். போடவில்லை. ஏன் என்று கேட்டால், மறுநாளும் என் பிள்ளை குரலைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

அதோடு நிற்கவில்லை. இரண்டாவது வாரம் நீ நிரை பிரித்தபோது என்னை ரோட்டோரமாக விட்டாய். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று உன் மனம் இரங்கியது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பெற்ற பிள்ளை கையால் கிடைத்த நிரை என்று அதில் ராணி மாதிரி நின்றேன். பார்வதி அக்காவுக்குப் போனது தண்ணீர் ஓடுகிற கானுக்கு மேலே இருக்கிற செங்குத்து நிரை. அவளுக்கும் முழங்கால் வலிதான் பாப்பா. நானும் அவளும் ஒரே பரியாரியிடம் ஒரே எண்ணெய் வாங்கித் தேய்க்கிறவர்கள். அவள் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் ஒரு பார்வை பார்த்தாள். நான் முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அடுத்தது போன வியாழக்கிழமை கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நடந்தது. அதில் பாதிதான் உனக்குத் தெரியும். அவள் சாக்கில் முத்தல் இலை கிடந்தது. பிரித்துப்போட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள் என்றாய். "எது முத்தல் எது கொழுந்துன்னு மிஸ்ஸுக்குக் கோர்ஸுல சொல்லிக் குடுத்திருப்பாங்க, நமக்கு என்னங்க தெரியும்" என்று சொல்லிச் சாக்கைத் தரையில் கவிழ்த்தாள். நீ அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அள்ளச் சொன்னாய். அதில் நான் உன் பக்கம். முத்தல் முத்தல்தான், யார் சாக்கில் இருந்தால் என்ன? இத்தனை வருசம் கொழுந்தெடுத்த கை அதைத் தெரியாமல் போட்டிருக்காது. பிறகு லொறி வந்துவிட்டது என்று நீ ரோட்டுக்கு ஓடினாய். நீ போன பிறகு நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மிஸ்ஸிடம் போய் மிஸ்ஸின் அம்மாவைப் பற்றிச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

நான் சொல்கிறேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மடுவம் முழுக்கக் கேட்க, கத்தினேன். "என்னாக்கா, கொழுப்பா? என் மக இப்ப ஒனக்கு மேல, தெரிஞ்சுக்க. அஞ்சாம் வகுப்புப் படிச்ச வாய வச்சிக்கிட்டு மரியாதையா நிரையில நில்லு. நான் ஒரு வார்த்த சொன்னேன்னா நீ கீழ் டிவிசன்தான், பாத்துக்க!" குசுமா என் கையைப் பிடித்து, "எப்பா அக்கே, எப்பா" என்று இழுத்தாள். போதும், வேண்டாம் என்று கெஞ்சினாள். என் வாய் என்றைக்கு யார் சொல்லி நின்றிருக்கிறது? பார்வதி அக்கா தரையில் உட்கார்ந்து இலையை அள்ளிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "ஒன் மக சொல்லட்டும்டி. கேட்டுக்கிறேன். நீ சொல்லாத" என்றாள். குரல்கூட உயரவில்லை. முத்தலை எல்லாம் ஒன்று விடாமல் பொறுக்கித் தனியாக வைத்துவிட்டு, சாக்கை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சொல் வியாழக்கிழமையிலிருந்து என்னைத் தூங்கவிடவில்லை. உன் மகள் சொல்லட்டும், நீ சொல்லாதே. உன்னை அவள் ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறாள் பாப்பா. உனக்குப் பின்னால் நான் நிற்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவளை விடு, நீயே யோசித்துப் பார். நாளைக்குத் துரையிடம் அவள் பேரைச் சொல்லி நீ கீழே அனுப்பினால், மிஸ் அனுப்பினாள் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். மிஸ்ஸின் அம்மா வியாழக்கிழமை சொன்னாள், திங்கட்கிழமை நடந்துவிட்டது என்பார்கள். அதற்குப் பிறகு நீ எந்த நியாயத்தைப் பேசினாலும் அது என் வாயிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். ராப்பகலாகப் படித்து வாங்கிய வேலையை ஒரே நாளில் எனக்குத் தூக்கிக் கொடுத்தவள் ஆகிவிடுவாய்.

எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. அப்போது நீ, மலைக்குப் போகிறவர்கள் பிள்ளையை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் கிடந்த கைக்குழந்தை. என் சேலை வாசம் இல்லாமல் தூங்க மாட்டாய். நீ அழுகிறாய் என்று ஆயா ஆள் அனுப்பினால், கங்காணி பார்க்காத நேரமாக நான் கீழே ஓடிவந்து பால் கொடுப்பேன். நான் வருகிற வரைக்கும் பார்வதி அக்கா தன் நிரையையும் என் நிரையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவாள். கங்காணி ஐயா வந்து என்னைக் கேட்டால், "அவ இங்கதாங்க குனிஞ்சு எடுக்கிறா, ஆளு குட்டை, செடிக்கு மேல தெரியல்ல" என்பாளாம். குட்டையாகப் பிறந்ததால் எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே லாபம் அதுதான். நீ குடித்த பாலில் அவள் எடுத்த கொழுந்தும் கொஞ்சம் இருக்கிறது. இதைச் சொல்லி அவளுக்காக உன் மனதைக் கரைக்கப் பார்க்கிறேன் என்று நினைப்பாய். ஆமாம், அப்படித்தான் பார்க்கிறேன்.

அதற்காக அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டு நிற்காதே. கேட்டால் அவள் கூசிப்போவாள், மற்றவர்கள் உன் தலையில் ஏறி உட்காருவார்கள். முத்தலை முத்தல் என்றே சொல், நிறுவையில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதே, அது உன் வேலை. நிரையை மாற்றி மாற்றி விடு, செங்குத்து எல்லோருக்கும் முறை வரட்டும். பேர் டாப்பு ஏட்டில் அவள் பார்வதியாக இருக்கட்டும், உன் வாயில் பெரியம்மாவாக இருக்கட்டும். பொலி மட்டும் உன் வேலை இல்லை. அதற்கு நீ கூட்டம் கூட்டி ஒன்றும் அறிவிக்க வேண்டாம். இப்போதும் அவள் மலை ஏறியதும் போத்தலைத் திறந்து வாய் கொப்பளிக்கிறாள், தெரியுமா உனக்கு? சொல்ல ஒன்றும் இல்லாமலே கொப்பளித்துத் துப்பிவிட்டு நிற்கிறாள். பழகிப்போன பழக்கம். நாளைக்கு அவள் போத்தலைத் திறக்கும்போது நீ வாயைத் திறக்காமல் நில். கொஞ்ச நேரம் எல்லோரும் திருதிருவென்று விழிப்பார்கள், விழிக்கட்டும். அவள் உடனே சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்க்காதே, அவளுக்கும் வீம்பு உண்டு. நாளைக்குச் சொல்லாவிட்டால் மறுநாளும் நில்.

இனி என் விசயம். இன்று காலையில் நான் அவள் வீட்டுப் படி ஏறினேன். அடுப்படியில் இருந்தாள். மடுவத்தில் நான் பேசியது தப்புக்கா என்றேன். "சரி, விடு" என்றாள். தேத்தண்ணி தரவில்லை. எனக்கும் அவளுக்கும் இடையில் தேத்தண்ணி இல்லாத ஒரு காலை நேரத்தை நான் பார்த்ததே இல்லை பாப்பா. வீட்டுக்கு வந்து அழுதேன். அவள் இறங்கி வர நாளாகும். அதுவரைக்கும் ஒரே கூட்டத்தில் நான் நின்றால், நீ சிரித்தாலும் என் பக்கம் பார்ப்பார்கள், நீ அதட்டினாலும் என் பக்கம் பார்ப்பார்கள். அவள் விட்டுக்கொடுக்க நினைத்தாலும் என் முகத்தைப் பார்த்ததும் அது திரும்பிப் போய்விடும். எனக்கும் வாயைக் கட்ட முடியாது. உன்னை ஒருத்தர் ஒரு சொல் சொன்னால் எனக்குக் கண் மண் தெரியாது. அது என்னோடு சுடுகாட்டுக்குத்தான் போகும்.

அதனால் துரை நாளைக்குப் பெரட்டில் கீழ் டிவிசனுக்கு யார் என்று கேட்டால், என் பேரைச் சொல். அம்மா என்று சொல்லாதே, பேர் டாப்பில் உள்ள என் பேரைச் சொல், மற்றவர்களின் பேரைச் சொல்கிற மாதிரியே. குரல் நடுங்கக் கூடாது. என் காலை நினைத்துக் கவலைப்படாதே, கீழே நடை கூடுதல், ஆனால் ஏற்றம் குறைவு. உன் அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஒன்றுதான் எனக்குக் கஷ்டம். நீ அந்த மேட்டுக் கல்லில் குடையோடு நிற்பதை இனி நான் பார்க்க முடியாது. இந்தச் சில மாதமாக ஒவ்வொரு நாளும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து வயிறு நிறைந்தேன். அது போதும் எனக்கு.

இந்தக் கடிதத்தை நீ பார்வதி அக்காவுக்கும் படித்துக் காட்டலாம், எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கீழ் டிவிசனில் நாங்கள் நிரை பிடிக்கிற நேரமும் மேலே நீங்கள் பிடிக்கிற நேரமும் ஒன்றுதான். காற்று அந்தப் பக்கம் அடித்தால் மேல் மலைப் பொலி ஆற்றைத் தாண்டிக் கேட்கும் என்று குசுமா சொல்கிறாள். அது உன் குரலா அவள் குரலா என்று அவ்வளவு தூரத்தில் எனக்குத் தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். கேட்டதும் முதல் கொழுந்தைக் கிள்ளி, உங்கள் இரண்டு பேருக்குமாகக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

அம்மா